சிங்கப்பூர் நடுவர் தீர்ப்பை வெர்ஜின் தீவுகளில் நிறைவேற்ற

பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனி உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று சிங்கப்பூரில் நடுவர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்; அதை அந்தத் தீவுகளில் நிறைவேற்ற வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டுமோ என்று பயந்திருக்கிறீர்கள். வேண்டாம். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நாடுகள் ஏற்று நிறைவேற்ற வழி செய்யும் நியூயார்க் உடன்படிக்கை 2014 மே முதல் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளுக்கும் பொருந்தும். சான்றளித்த தீர்ப்பு நகல், தகராறை நடுவரிடம் விட ஒப்புக்கொண்ட நடுவர் ஒப்பந்த நகல் இரண்டையும் வைத்து அங்குள்ள வணிக நீதிமன்றத்தில் அனுமதி கேளுங்கள். தீர்ப்பு சரியா தவறா என்று அவர்கள் திரும்ப ஆராய மாட்டார்கள். நோட்டீஸ் போகவில்லை, நடுவர்கள் வரம்பு மீறினார்கள், பொதுக் கொள்கைக்கு முரண் என்பது போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம்.

அனுமதி கிடைப்பது பெரிய விஷயமில்லை, பணம் கிடைப்பதுதான் விஷயம். அந்த கம்பெனிக்கு அங்கே பதிவு முகவரியைத் தவிர ஒரு மேசைகூட இருக்காது. ஆனால் அது வேறொரு வெர்ஜின் தீவுக் கம்பெனியின் பங்குகளை வைத்திருந்தால், அவற்றின் மேல் பொறுப்பாணை (கடனுக்கு அந்தப் பங்குகளைப் பிணையாக்கும் நீதிமன்ற ஆணை) வாங்கலாம். இல்லையென்றால் 21 நாள் கெடு வைத்துச் சட்டப்பூர்வக் கோரிக்கை (கடனைக் கட்டச் சொல்லும் முறையான நோட்டீஸ்) அனுப்புங்கள். கடனில் நியாயமான தகராறு இல்லாமல், கெடுவுக்குள் கட்டவும் இல்லையென்றால், கம்பெனியைக் கலைக்க மனு போடலாம். கலைப்பாளர் வந்து கணக்கைத் தோண்டுவார் என்றதும் பல இயக்குநர்களுக்குப் பணம் ஞாபகம் வரும்.

அப்புறம், தீர்ப்பை ரத்து செய்யச் சிங்கப்பூரில் அந்த கம்பெனிக்கு மூன்று மாதம் உண்டு. அப்படி மனு போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பணம் ஹாங்காங் வங்கியில் இருக்கிறது என்று தெரிந்தால், நேராக அங்குள்ள நீதிமன்றத்துக்கே போவது மேல்.