போர்ட் லூயிஸ் தீயணைப்புப் படை எப்படி வளர்ந்தது?

மொரீசியஸ் தலைநகரின் தீயணைப்புப் படை வரலாற்றைக் கேட்டிருக்கிறீர்கள். அதை 1816 செப்டம்பர் 25 இரவிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பேன். அன்று பற்றிய தீ ஏறக்குறைய 700 வீடுகளைச் சாம்பலாக்கியது. மரச்சுவர், மரச்சில்லுக் கூரை, ஒன்றையொன்று ஒட்டி நின்ற கடைகள். காற்று சற்றுத் திரும்பினாலே அடுத்த கூரை பற்றிக்கொள்ளும். பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து வந்த நம் கைவினைஞர்கள் உழைத்து எழுப்பிய ஊர் அது என்பதால், அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. பிறகு நகர மையம் பெருமளவு கருங்கல்லால் எழுந்தது. என் பார்வையில், ஊரைக் காத்த முதல் தீயணைப்பு ஏற்பாடு அந்தக் கல்சுவர்கள்தாம்.

பின்னாளில் தீயணைப்புப் படை அரசுத் துறையாகி, தீவு முழுவதற்கும் பொதுவானது. காய்ந்த மாதங்களில் கரும்புத் தோட்டத் தீயும் இவர்கள் பொறுப்பே. மீட்புப் பணியின் அருமையை 2013 மார்ச் 30 உணர்த்தியது: திடீர் வெள்ளம் போர்ட் லூயிஸின் சுரங்கப்பாதைக்குள் புகுந்தது, நகரில் 11 பேர் உயிரிழந்தனர். துறையின் இன்றைய சட்டமும் அதே 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான்; அதன் பெயரிலேயே தீயணைப்போடு மீட்பும் சேர்ந்திருக்கிறது.

அவசரத்துக்கு 115ஐ அழையுங்கள். தெருப் பெயரோடு அருகிலுள்ள கோயிலையோ கடையையோ அடையாளம் சொன்னால் வண்டி விரைவில் வந்து சேரும்.