'எப்படியாவது' என்றால் எத்தனை ரூபாய்?

கேள்வி: நானும் கணவரும் வேலை செய்கிறோம். வரி, சேமலாப நிதி எல்லாம் போய் இருவருக்குமாக மாதம் 3,40,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டு வாடகை 85,000. மற்றச் செலவும் போக 40,000 மிஞ்சும். மகளுக்கு ஆறு வயது. சேமிப்பு 65 இலட்சம் இருக்கிறது. கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், பழைய தொடர்மாடியில், இரண்டாம் மாடி வீடு ஒன்று 2 கோடி 20 இலட்சத்துக்கு வந்திருக்கிறது. வங்கி 1 கோடி 60 இலட்சம் தரச் சம்மதித்துவிட்டது. 20 வருடக் கடன். முதல் 5 வருடமும் 12 வீத நிலையான வட்டி. குறைகிற காசை எப்படியாவது புரட்டலாம், கனடாவில் அண்ணா இருக்கிறார். தவணையையும் எப்படியாவது கட்டிவிடுவோம். வாடகை கடலில் கொட்டுகிற காசு என்கிறார் அம்மா. வாங்கலாமா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இந்த வீட்டை, இந்தக் கடனில், வேண்டாம்.

உங்கள் கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. சிக்கல் வருகிற இரண்டு இடத்தில் மட்டும் ரூபாய் எழுந்து போய், அந்தக் கதிரையில் 'எப்படியாவது' உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு எத்தனை ரூபாய் என்று பார்ப்போம்.

விலையில் வங்கியின் பங்கு போக நீங்கள் கட்ட வேண்டியது 60 இலட்சம். கையில் 65. ஐந்து மிஞ்சும் என்று நினைத்திருப்பீர்கள். உறுதி முடிக்கும்போது வாங்குகிறவர் முத்திரை வரி கட்ட வேண்டும்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். இந்த வீட்டுக்கு அது 8,79,000 ரூபாய். மிச்சம் எங்கே? நொத்தாரிசுக்குக் கொடுப்பது, காணிப் பதிவகத் தேடல், வங்கிக்கு எழுதும் ஈட்டு உறுதி, மதிப்பீட்டாளர் கட்டணம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. சாமான் ஏற்றும் லொறிக்கும் அண்ணாவைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அண்ணா தருவது கொடையா, கைமாற்றா, பங்கா? மூன்றும் வேறு வேறு. கைமாற்று என்றால் வங்கிப் படிவத்தில் வராத இன்னொரு தவணை உங்கள் தலையில் இருக்கிறது. பங்கு என்றால், அவர் கனடாக் குடியுரிமை எடுத்து இங்கே இரட்டைக் குடியுரிமை வாங்காதவராக இருந்தால், உறுதியில் அவர் பெயரைப் போடுவதே சிக்கல். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. தொடர்மாடி வீடுகளுக்கான விலக்கு எந்த மாடிக்கு, எந்த நிபந்தனையில் என்பதை நொத்தாரிசிடம் கேளுங்கள். நீங்கள் பார்ப்பது இரண்டாம் மாடி. இதைப் பேசாமல் விட்டு, பத்து வருடம் கழித்து அண்ணன் தங்கை கோட்டுக்குப் போகிற கதை கொழும்பில் புதிதல்ல.

சரி, தவணைக்கு வருவோம். 1 கோடி 60 இலட்சத்துக்கு 12 வீதத்தில் மாதம் 1,76,000 ரூபாய். உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல். அம்மாவின் கடல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டியிருப்பது 1 கோடி 5 இலட்சத்துக்குச் சற்று மேல். கடன் குறைந்திருப்பது வெறும் 13 இலட்சம். மற்ற 92 இலட்சமும் வட்டி. கடல் அதேதான், இப்போது கொட்டுவது வாடகையை விடப் பெரிய வாளி.

ஆறாம் வருடம் நிலையான வட்டி முடிகிறது. அதன் பிறகு அனேகமாக முதன்மைக் கடன் வட்டி வீதத்தோடு (வங்கிகள் தங்கள் மிக நம்பகமான வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் வீதம்) கூட இரண்டோ மூன்றோ என்று போட்டிருப்பார்கள். கடன் கடிதத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். அந்த வீதம் 2022 தொடக்கத்தில் 8ஐ ஒட்டி இருந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியது. வருட முடிவில் முதன்மை வீதம் 27ஐத் தாண்டிவிட்டது. அடுத்த மாதமே, 2023 ஜனவரியில், வருமான வரியும் ஏறி, வரி கட்டுகிறவர்களின் சம்பளம் சுருங்கியது. அந்த மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டைக் கடையில் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். 27 வேண்டாம், 20 வீதம் என்று வையுங்கள். உங்கள் தவணை 2,58,000 ஆகும். அப்போது மகளுக்குப் பதினொன்று; டியூஷன் தொடங்குகிற வயது.

வங்கி பார்த்துத்தானே தந்தது என்பீர்கள். வங்கி பார்த்தது தன் காசு திரும்புமா என்று. நீங்கள் கட்டாவிட்டால், வழக்குப் போடாமலே வீட்டை ஏலம் விடும் பராட்டே அதிகாரம் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் அவர்களுக்கு இருக்கிறது. அவர்களுடைய 'எப்படியாவது' அங்கே சட்டமாகவே எழுதியிருக்கிறது.

உங்களால் எவ்வளவு முடியும்? இப்போது வாடகைக்கும் சேமிப்புக்கும் போவது 1,25,000. வீட்டுக்கென்று உங்களிடம் உண்மையாக இருக்கும் காசு அவ்வளவுதான். பராமரிப்புக்கு 15,000 ஒதுக்கினால் 1,10,000. அதற்கு 12 வீதத்தில், 20 வருடத்துக்கு, 1 கோடி கடன் வாங்கலாம். 65 இலட்சத்தில் 15ஐத் தொடாதீர்கள். இருவருக்கும் வேலை போனால் ஐந்து மாதம் கூடத் தாங்காது என்றாலும் அது இருக்க வேண்டும். உறுதிச் செலவுக்கு 8, 10 போனால் மீதி 40. ஆக உங்கள் வீடு 1 கோடி 40 இலட்சம். ஆறாம் வருடம் வட்டி 20க்கு ஏறினாலும் தவணை 1,61,000தான். கஷ்டம், ஆனால் அடுப்பு எரியும். சேமலாப நிதியிலிருந்து 30 வீதம் எடுத்து விலையைக் கூட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். எடுக்க வழி இருக்கிறது. அறுபது வயதில் யாரிடம் கேட்பீர்கள்?

1 கோடி 40க்கு அந்த ஒழுங்கையில் வீடு வராது, தெரியும். தெஹிவளைக்கு உள்ளே, இரத்மலானையில், வத்தளைப் பக்கம் பாருங்கள். பஸ்ஸில் கூடுதலாக இருபது நிமிடம் நிற்பது 80 இலட்சத்தை விடப் பெரிதில்லை. கோவிலும் மரக்கறிக்கடையும் காலடியில் இருக்கிற சுகம் போகும். அதை நான் சின்னதென்று சொல்லவில்லை.

இன்னொன்று, அந்தப் பழைய கட்டடத்தைப் பற்றி. வங்கியின் சட்டத்தரணி உறுதியைப் பார்ப்பார். லிஃப்டைப் பார்க்க மாட்டார். கடற்காற்றில் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், பூச்சு வெடிக்கும். பால்கனிகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து கட்டடத்தை நடத்தும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடைசி மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள். நிதியில் காசில்லாமல் லிஃப்ட் பழுதானால் அந்தச் செலவில் உங்களுக்கும் பங்கு வரும்.

இவ்வளவு சொல்லியும் மனம் அந்த வீட்டிலேயே நிற்கிறது என்றால், இப்படிச் செய்யுங்கள். வரும் சம்பளத்திலிருந்து, வாடகைக்கு மேல் 1,06,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்கள். அந்தத் தவணையும் பராமரிப்பும் சேர்ந்தால் வாடகையை விடக் கூடப் போகும் காசு அவ்வளவு. தைப்பொங்கல் வரும், யாராவது கல்யாணத்துக்கு அழைப்பார்கள், மகளுக்குக் காய்ச்சல் வரும், தொடக் கூடாது. அதற்குள் வீடு விற்றுப் போகும் என்று தரகர் சொல்வார், சொல்லட்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் புத்தகத்தில் 6,36,000 ரூபாய் இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய் முற்பணம் கொடுங்கள்.