புது டயர் போட்ட பிறகு கார் மிதக்கிறதே! அகல ரிம் போட்டால் சரியாகுமா?

கேள்வி: ஈசூனில் வசிக்கிறேன். என் செடான் காருக்கு எட்டு வயதாகிறது. டயர்கள் நன்றாகத் தேய்ந்துவிட்டதால் போன வாரம் நான்கையும் மாற்றினேன். அதே 205/55 ஆர்16 அளவு (205 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், 16 அங்குல ரிம்), காரோடு வந்த அதே ரிம். ஆனால் சிலேத்தார் விரைவுச்சாலையில் தடம் மாறும்போது கார் முன்புபோல் சட்டென்று திரும்பவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புகிறது. டயர் போட்ட பட்டறையில் கேட்டால், “டயரில் குறை இல்லை அண்ணே, உங்கள் ரிம்தான் ஒல்லி. 17 அங்குலத்தில் ஏழரை அகலம், பழைய செட் ஒன்று இருக்கிறது. 225 டயரோடு போட்டால் தண்டவாளத்தில் போவதுபோல் போகும்” என்கிறார்கள். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு மலாக்கா போய்வருவோம். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பட்டறைக்காரர் சொல்வது முழுப் பொய் அல்ல. ரிம்மின் அகலம் கார் திரும்பும் விதத்தை மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கார் ஒரு வாரத்தில் மாறியதற்கு ரிம் காரணம் இல்லை. எட்டு வருடமாக அதே ரிம்தானே ஓடியது?

ஸ்டியரிங்கைத் திருப்பியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ரிம் திரும்பும். அதைப் பிடித்திருக்கும் டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் தரையில் பதிந்திருக்கும் ரப்பர் கட்டைகள் வளையும். அவை வளைந்து, தரையைப் பிடித்து இழுத்த பிறகுதான் காரின் மூக்கு திரும்பும். இதெல்லாம் நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும். ஆனாலும் பழகிய கைக்கு அந்த இடைவெளி கூடுவதும் குறைவதும் தெரியும்.

பெரும்பாலான கார் டயர்கள் புதிதாக இருக்கும்போது ரப்பர் கட்டையின் உயரம் 7, 8 மில்லிமீட்டர். நீங்கள் கழற்றிப் போட்ட டயரில் 2 மில்லிமீட்டர் மிஞ்சியிருந்தால் அதிகம். உயரமான கட்டை அதிகம் வளையும், குட்டையான கட்டை குறைவாக வளையும். போதாததற்கு, பழைய ரப்பர் வருடக்கணக்கில் நம் வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருக்கும். ஆக, தேய்ந்த டயர் சுறுசுறுப்பாகத் திரும்பியது உங்கள் பிரமை அல்ல. மெல்ல மெல்ல வந்த மாற்றம் என்பதால் அது வந்தபோது தெரியவில்லை. புது டயரால் ஒரே நாளில் அது போனதும் கை கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் கைக்குத் தெரியும் சுறுசுறுப்பு வேறு, சாலையில் இருக்கும் பிடிப்பு வேறு. ஒரு வருடம் போட்டுத் தேய்ந்த ரப்பர்ச் செருப்பு காய்ந்த தரையில் காலோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கும். அதையே மாட்டிக்கொண்டு தேக்கா சந்தையில் மீன் கடைப் பக்கம் நடந்து பாருங்கள்! டயர் கதையும் அதுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். நொடிக்கு 22 மீட்டர். தரையில் பதியும் அகலம் 18 சென்டிமீட்டர் என்றால், முன்சக்கரம் ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். பெரிய குடிநீர்ப் போத்தல்கள் எட்டு என்று சொல்லலாம். அந்தத் தண்ணீர் போக இடம் தருவது உங்கள் கைக்கு மந்தமாகத் தெரிகிற அதே உயரமான கட்டைகளின் நடுவில் உள்ள பள்ளங்கள்தான். இடம் போதாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். உண்மையில் மிதந்திருக்கக்கூடியது உங்கள் பழைய டயர்.

(சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். என் கணக்கில் 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிட வேண்டும். நவம்பர் மழை சட்டம் படித்துவிட்டு வருவதில்லை.)

புது டயருக்கு இன்னொரு குணமும் உண்டு. தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசும் பொருளின் மெல்லிய படலம் மேல்பரப்பில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஓட ஓடத்தான் அது தேய்ந்து போகும். உள்ளே இருக்கும் அடுக்குகளும் சூடாகி, ஆறி, படிந்து அமர வேண்டும். அதனால் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு ஒரு மலாக்கா பயணத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கார் எப்படித் திரும்புகிறதோ, அதுதான் இந்த டயரின் சொந்தக் குணம்.

அதற்குள் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உங்கள் காருக்கு எவ்வளவு என்று இருக்கும். பல செடான்களுக்கு 230 கிலோபாஸ்கல், அதாவது 33 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். பட்டறையில் அவசரத்தில் எவ்வளவு அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? காலையில், கார் இரவெல்லாம் நின்ற பிறகு, பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் பாருங்கள். விரைவுச்சாலையில் ஓடிவிட்டுப் பார்த்தால் டயர் சூடாகி அளவு கூடுதலாகக் காட்டும், நீங்களும் “அதிகம்” என்று காற்றை இறக்கிவிடுவீர்கள். நான்கு பிஎஸ்ஐ குறைந்தாலே கார் நீங்கள் சொல்வதுபோல்தான் யோசிக்கும். இதைச் சரிசெய்யக் காசு செலவில்லை என்பதால் யாரும் இதை உங்களுக்கு விற்க மாட்டார்கள்.

இரண்டாவது, அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம். நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக இருக்கிறதா? கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? இழுத்தால் முன்டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் சுழல் திசை அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இப்படி மாற்றக் கூடாது. இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குற்றம் டயரில். போகாவிட்டால் அலைன்மெண்டில் பார்க்க வேண்டும்.

இனி ரிம். ஒரே டயரை வேறுவேறு அகல ரிம்மில் மாட்டலாம். 205/55 ஆர்16 டயரை அளப்பதற்கு என்று தரநிலை வைத்திருக்கும் ரிம்மின் அகலம் ஆறரை அங்குலம். அனுமதிக்கப்பட்ட எல்லை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. ரிம் அரை அங்குலம் கூடினால் டயரின் அகலம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கூடும். முக்கியம் அந்த 5 மில்லிமீட்டர் அல்ல, பக்கச்சுவர் நிற்கும் விதம். ஒல்லி ரிம்மில் டயர் உப்பிய வயிறுபோல் வெளியே தள்ளி நிற்கும். பக்கவாட்டில் தள்ளினால் சுலபமாக ஆடும். அகல ரிம்மில் பக்கச்சுவர் நிமிர்ந்து விறைப்பாக நிற்கும், ஸ்டியரிங் சொன்னதை உடனே கேட்கும். உங்கள் பட்டறைக்காரர் சொன்னதில் உண்மை இவ்வளவுதான். இதற்கு 17 அங்குலமும் தேவையில்லை, 225 டயரும் தேவையில்லை.

அவர் சொல்லும் 225/45 ஆர்17 டயரின் மொத்த உயரம் 634 மில்லிமீட்டர், உங்களுடையது 632. அதனால் வேகமானி பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 101 ஆகிவிடும். கார் விறைப்பாகத் திரும்பும், அதே விறைப்போடு ஒவ்வொரு பள்ளத்தையும் உங்கள் இடுப்புக்குச் சொல்லும். சிங்கப்பூர்ச் சாலைகளில் சமாளித்துவிடலாம். மலேசியாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, இருட்டில் ஒரு குழியில் இறங்கினால் ரிம் நெளியவோ பக்கச்சுவர் புடைக்கவோ வாய்ப்பு அதிகம். பின்சீட்டில் வீட்டுக்காரர்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அகல டயர் என்றால் தரையில் படும் ரப்பரும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிதாக இல்லை. 1,300 கிலோ கார், சக்கரத்துக்குச் சராசரி 325 கிலோ. அதை 230 கிலோபாஸ்கல் காற்று தாங்குகிறது என்றால், தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய 140 சதுர சென்டிமீட்டர், ஒரு உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு. டயர் 205 ஆனாலும் 225 ஆனாலும் எடையும் காற்றும் மாறாதவரை இந்தப் பரப்பு அவ்வளவாக மாறாது, வடிவம்தான் மாறும். நீளமாக இருந்தது அகலமாகிக் குட்டையாகும். திருப்பத்தில் அதனால் லாபம் உண்டு. மழையில் நஷ்டம், ஏனென்றால் தண்ணீரை ஒதுக்க வேண்டிய முகப்பு பெரிதாகிவிட்டது. லாரி ஓடிப் பள்ளம் விழுந்த தடங்களில் ஸ்டியரிங் தானாக இழுபடும் தொல்லையும் சேர்ந்து வரும்.

அடுத்து, யாரும் கேட்காத ஒரு எண். ரிம்மின் உள்பக்கம் ஈடி என்று பொறித்திருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரில் முடுக்கும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. உங்கள் ரிம் ஆறரை அங்குலம், ஈடி45 என்றும், அந்தப் பழைய செட் ஏழரை அங்குலம், ஈடி38 என்றும் வைத்துக்கொள்வோம். அகலம் ஒரு அங்குலம் கூடியதில் பாதி, 12.7 மில்லிமீட்டர், வெளியே போகும். ஈடி வித்தியாசம் 7 மில்லிமீட்டர் அதோடு சேரும். ஆக ரிம்மின் வெளி விளிம்பு 20 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். ஸ்டியரிங்கின் கனம், மேடுபள்ளத்தில் அது கையை உதறுவது, எல்லாம் மாறும். சக்கரம் காரின் மட்கார்டைத் தாண்டி நீட்டக் கூடாது என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. உங்கள் கார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறது. பத்து வயதானால் வருடந்தோறும் போக வேண்டும். அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

காலியான காரில் உரசாத சக்கரம் சுமையில் உரசும். நாம் எல்லையைத் தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும். அதோடு ஐந்து பேர், பூட் நிறைய பை. திரும்பி வரும்போது பலகாரப் பெட்டிகள். கார் அமுங்கி நிற்கும் அந்த நிலையில் ஸ்டியரிங்கை முழுதாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் எந்த ரிம்மையும் வாங்காதீர்கள்.

நானே இதில் சூடுபட்டவன். என் பழைய காரில் 205 டயரை எட்டு அங்குல ரிம்மில் இழுத்து மாட்டினேன். ஏழரைதான் எல்லை என்று தெரிந்தேதான் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாதாரணமாக டயர் ரிம்மைவிட வெளியே உப்பி நின்று கெர்ப் உரசலைத் தான் வாங்கிக்கொள்ளும். இழுத்து மாட்டிய டயர் அப்படிச் செய்யாது. ஒரே மாதத்தில், வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வளைவுப் பாதையில் மூன்று ரிம் சிராய்த்துப்போனது. என் மனைவி நான்காவதைப் பற்றி இன்றுவரை கேட்கிறார்.

சரி, 500 கிலோமீட்டர் ஓடி, காற்றும் அலைன்மெண்டும் பார்த்த பிறகும் மனசு கேட்கவில்லை என்றால்? அதே 16 அங்குலத்தில் 7 அங்குல அகல ரிம் தேடுங்கள், ஈடி உங்கள் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இப்போது வாங்கிய அதே டயரையே அதில் மாட்டலாம். ஈடி45 ஆகவே கிடைத்தால் இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் சொச்சம்தான் கூடும். சொகுசு அதிகம் கெடாது, திருப்பத்தில் வித்தியாசம் கைக்குத் தெரியும். ஆனால் 17 அங்குலத்தின் பகட்டு இருக்காது. அழகுக்காகத்தான் வேண்டும் என்றால் அது வேறு கேள்வி, அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

உண்மையில் பிடிப்பைக் கூட்டுவது அகலத்தைவிட ரப்பரின் தரம்தான். அமைதிக்கும் சொகுசுக்கும் என்று செய்த டயரில் பக்கச்சுவரும் மென்மையாகவே இருக்கும். நீங்கள் வாங்கியது அந்த ரகமாக இருந்தால் மந்தத்தில் ஒரு பங்கு எப்போதும் மிஞ்சும். அடுத்த முறை வாங்கும்போது, ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் மழைத்துளிப் படத்துக்கு நேரே இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் ஈரத்தில் நல்ல பிடிப்பு, ஈ என்றால் கடைசி. பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கமும் முக்கியம்: 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்தது. அளவுக்குப் பின்னால் வரும் 91 வி போன்ற குறியும் பழையதைவிடக் குறையக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. அந்த வேகம் நமக்கு எங்கேயும் தேவையில்லைதான், ஆனாலும் குறைக்காதீர்கள்.

பழைய ரிம் எதை வாங்கினாலும் நடுத்துளை உங்கள் காருக்குச் சரியாக உட்கார்கிறதா என்று பாருங்கள். துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். அது இல்லாவிட்டால் பாலன்சிங் எத்தனை முறை செய்தாலும் 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். ரிம் மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) வைத்து இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். புது டயர் போட்டு ஒரு வாரம் ஆகிவிட்டதே, இப்போது இருக்கும் ரிம்முக்கே அதைச் செய்தார்களா?