குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 44. 92 கிலோ இருந்த நான், ஏழு மாதம் உணவைக் கட்டுப்படுத்தி 12 கிலோ குறைத்தேன். ஒன்றரை ஆண்டில் அத்தனையும் திரும்பிவிட்டது. இப்போது ரத்த அழுத்தமும் வந்து மாத்திரை சாப்பிடுகிறேன். ‘உடல் பருமன் நாள்பட்ட நோய், தொடர் சிகிச்சை வேண்டும்’ என்கிறார் மருத்துவர். எனக்கு மனக்கட்டுப்பாடு போதவில்லையா? எடை குறைக்கும் ஊசி போட்டால் ஆயுள் முழுக்கப் போடவேண்டுமா?

பதில்: ஏழு மாதம் வாயைக் கட்டியவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யார் சொல்வது? எடை குறையும்போது கொழுப்புத் திசுவில் சுரக்கும், பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் சரிகிறது. இரைப்பையில் சுரக்கும், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது. மூளை இதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசி ஏறுகிறது, சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரி குறைகிறது. எடை குறைத்தவர்களிடம் இந்த ஹார்மோன் மாற்றம் ஓராண்டு கழித்தும் நீடித்ததை 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுதான். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013-இல் பருமனை நோய் என்று அறிவித்ததற்கு இத்தகைய காரணங்கள் உண்டு.

உங்கள் ரத்த அழுத்தம் தனியாக வந்ததாக நினைக்க வேண்டாம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதித்து அழுத்தத்தை ஏற்றும். பலர் கவனிக்காமல் விடுவது குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலும் அழுத்தம் ஏறும். மாத்திரைக்கு எளிதில் அடங்காது. குறட்டை விடுபவருக்கு அது தெரியாது, பக்கத்தில் படுப்பவரைத்தான் கேட்கவேண்டும். பகலில் அசதியும் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு அளவு, கல்லீரல் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். கொழுப்புக் கல்லீரல் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் வளரும்.

எவ்வளவு குறைத்தால் போதும்? எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். உங்களுக்கு அது சுமார் 5 முதல் 9 கிலோ. முழங்காலுக்கும் லாபம்தான்: மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் மூட்டின் மீதான சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. அந்த 12 கிலோ தேவைக்கும் அதிகம். அதைத் தக்கவைப்பதற்குத்தான் திட்டம் இல்லாமல் போயிற்று. வேகத்தைக் குறைத்து, எடை குறைந்த பிறகும் மருத்துவரிடம் போய்வருவதை நிறுத்தாமல் இருந்தால் பலன் நிற்கும்.

ஊசி விஷயம். செமாகுளுடைடு என்ற எடை குறைக்கும் ஊசி மருந்தின் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே பலருக்கு நீண்ட காலம் தேவைப்படும். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தானே? குமட்டல் வரலாம். கொழுப்போடு தசையும் குறையும் என்பதால் புரதமும் தசை வலுவூட்டும் பயிற்சியும் கட்டாயம். கர்ப்பம் திட்டமிடுவோரும், குடும்பத்தில் மெடுலரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் போடக்கூடாது.

கடைசியாக ஒன்று: நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல, வலிப்பு மருந்துகள், அடெனலால் போன்ற பழைய அழுத்த மாத்திரைகள்கூட எடையைக் கூட்டலாம். மாற்று உண்டா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.