பிரிட்டன் கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர் போட்டியில் யார் நிற்பார்கள் என்று எப்படிக் கணிக்கிறார்கள்?

யார் ஜெயிப்பார் என்பது ஒரு கணக்கு, யார் நிற்பார் என்பது வேறு கணக்கு. இரண்டாவதற்கு ஆசையைப் பார்த்துப் பயனில்லை (அது யாருக்குத்தான் இல்லை), தலையை எண்ண வேண்டும். ஏனென்றால் அங்கே மனு போடவே இத்தனை சக எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டும் என்று விதி இருக்கிறது, ஒரு எம்.பி. ஒருவரைத்தான் முன்மொழியலாம்.

ஷேர் ஆட்டோ மாதிரிதான்: டிரைவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் ஆள் சேராமல் வண்டி கிளம்பாது, ஒரே ஆள் இரண்டு ஆட்டோவில் உட்காரவும் முடியாது.

2022 ஜூலையில் பிரதமரும் கட்சித் தலைவருமான போரிஸ் ஜான்சன் விலகியபோது 20 பேர் ஆதரவு போதும் என்றார்கள், எட்டுப் பேர் களத்தில் குதித்தார்கள். அந்தப் போட்டியில் ஜெயித்த லிஸ் டிரஸ்ஸும் அக்டோபரில் போனதும் அதையே 100 ஆக்கிவிட்டார்கள். மொத்தமே 350 சொச்சம் எம்.பி.க்கள்தான், அப்புறம் மூன்று பேருக்கு மேல் எப்படி நிற்பது? ஜான்சன் திரும்ப முயன்று பின்வாங்கினார், இன்னொரு போட்டியாளரான பென்னி மார்டன்ட் கடைசி நேரத்தில் விலகினார், ரிஷி சுனக் போட்டியின்றித் தலைவரானார்.

கருத்துக்கணிப்பில் முந்துகிறவர் கண்டிப்பாக நிற்பார் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அந்த ஜூலையில் கட்சி உறுப்பினர்களிடம் எடுத்த கணிப்பில் முன்னணியில் இருந்த பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் நிற்கவே இல்லை.