ஆறு ஃப்ரெட் தள்ளி ஒரு நோட்: காஸ்பெல் பேஸ் கேள்வி-பதில்

அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளில் வளர்ந்த காஸ்பெல் இசையில் பேஸ் கிட்டார் வாசிப்பது பற்றி வந்த கடிதங்களில், ட்ரைடோன் தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறோம். உதாரணங்கள் எல்லாமே சி மேஜரில். நான்கு கம்பி பேஸ், வழக்கமான இ-ஏ-டி-ஜி சுருதி.

கேள்வி: ட்ரைடோன் என்றால் என்ன? கிட்டாரில் சட்டென்று எப்படிப் பிடிப்பது?

பதில்: மூன்று முழு டோன், அதாவது ஆறு செமிடோன். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரே வரி போதும்: சட்ஜமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையே உள்ள தூரம். ஒரே கம்பியில் எண்ணினால் ஆறு ஃப்ரெட் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டு). அடுத்த மெல்லிய கம்பிக்குப் போனால் ஒரே ஒரு ஃப்ரெட் மேலே. ஏ கம்பி 3-இல் சி என்றால் டி கம்பி 4-இல் எஃப் ஷார்ப். தடித்த கம்பிக்குப் போனால் ஒரு ஃப்ரெட் கீழே, அதாவது இ கம்பி 2-இல் அதே எஃப் ஷார்ப்.

இதைக் கற்றவுடன் ரூட்டையும் (கார்டுக்குப் பெயர் தரும் அடிப்படை நோட்) அதன் ட்ரைடோனையும் மாற்றி மாற்றி அடிப்பதுதான் காஸ்பெல் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். காதைக் குத்துவதுதான் மிச்சம். காஸ்பெலில் ட்ரைடோனுக்கு வீடு செவன்த் கார்ட், அதாவது பெயரில் 7 வரும் கார்ட். ஜி7 என்றால் ஜி, பி, டி, எஃப். அதில் பி-யும் எஃப்-உம் ஒன்றுக்கொன்று ட்ரைடோன். பி அரை டோன் ஏறி சி-யில் உட்காரும், எஃப் அரை டோன் இறங்கி இ-யில் உட்காரும். ‘வீட்டுக்கு வா’ என்று இழுப்பது இந்த ஜோடிதான், ரூட் அல்ல. ஜி7-இலிருந்து ரூட்டை எடுத்துவிட்டாலும் அந்த இழுப்பு அப்படியே இருக்கும்.

கேள்வி: 7-3-6-2-5-1 வரிசையில் (ஸ்கேலில் அந்தந்த எண்ணில் வரும் நோட்டை ரூட்டாகக் கொண்ட கார்டுகள்; சி மேஜரில் பி, இ, ஏ, டி, ஜி, சி) காஸ்பெல் பேஸிஸ்டுகள் ரூட்டோடு மேலே இரண்டு நோட்டையும் சேர்த்து மீட்டுகிறார்கள். விரல் எங்கே வைப்பது?

பதில்: இரண்டே இரண்டு வடிவங்கள் போதும். ரூட் இ கம்பியில் இருந்தால் டி கம்பியில் அதே ஃப்ரெட், ஜி கம்பியில் ஒரு ஃப்ரெட் மேலே. ரூட் ஏ கம்பியில் இருந்தால் டி கம்பியில் ஒரு ஃப்ரெட் கீழே, ஜி கம்பியில் அதே ஃப்ரெட். வரிசையை வாசித்துப் பாருங்கள் (கம்பியின் பெயரை அடுத்துத் தனியாக வரும் எண் ஃப்ரெட்; ‘டி 7’ என்றால் டி கம்பியில் ஏழாவது ஃப்ரெட், ‘டி7’ என்றால் கார்ட்):

பி7: இ கம்பி 7, டி 7, ஜி 8
இ7: ஏ கம்பி 7, டி 6, ஜி 7
ஏ7: இ கம்பி 5, டி 5, ஜி 6
டி7: ஏ கம்பி 5, டி 4, ஜி 5
ஜி7: இ கம்பி 3, டி 3, ஜி 4
சி: ஏ கம்பி 3, டி 2, ஜி 5

ரூட் இ கம்பிக்கும் ஏ கம்பிக்கும் தாவிக்கொண்டிருக்க, மேலே டி, ஜி கம்பிகளில் உள்ள ட்ரைடோன் ஜோடி ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஃப்ரெட் மட்டும் கீழே சறுக்குகிறது. மனப்பாடம் செய்ய வேண்டியது இந்தச் சறுக்கலைத்தான். கடைசி சி-யில் மட்டும் ஜோடி விரிகிறது, ஏனென்றால் அங்கே ட்ரைடோன் தீர்ந்து போகிறது. பாட்டு அங்கே நிற்காமல் நாலாவது கார்டான எஃப்-க்குப் போவதாக இருந்தால் ஜி 5-க்குப் பதில் ஜி 3-ஐப் பிடியுங்கள். அது சி7 ஆகி எஃப்-ஐ அழைக்கும்.

விரல்கள்: முதல் வடிவத்தில் ரூட்டுக்கு ஆள்காட்டி, டி கம்பிக்கு நடுவிரல், ஜி கம்பிக்கு மோதிர விரல். இரண்டாவதில் ரூட்டுக்கு நடுவிரல், டி கம்பிக்கு ஆள்காட்டி, ஜி கம்பிக்கு மோதிர விரலே. மோதிர விரல் ஜி கம்பியை விட்டு எழுந்திருக்கவே கூடாது. கடைசி சி-யின் ஜி 5-க்கு மட்டும் சுண்டுவிரல். வலது கையில் ரூட்டைக் கட்டை விரலும் மற்ற இரண்டையும் ஆள்காட்டி, நடுவிரல்களும் ஒரே நேரத்தில் மீட்ட வேண்டும். முதல் வடிவத்தில் இடையில் மாட்டிக்கொள்ளும் ஏ கம்பி தானாக அதிர்ந்து கெடுக்கும். ஆள்காட்டியின் அடிச்சதையால் அதை லேசாகத் தொட்டு அடக்குங்கள். மெட்ரோனோமை 60-இல் வைத்து, கார்டுக்கு இரண்டு தட்டு. இடையில் ஓசை அறுந்தால் வேகத்தை ஏற்றாதீர்கள்.

கேள்வி: ஜி-க்குப் பதில் டி ஃபிளாட் வாசித்தால் சில பாடல்களில் அற்புதமாக இருக்கிறது, சிலவற்றில் நாராசம். ஏன்?

பதில்: உங்கள் கீபோர்டு கலைஞரின் வலது கையைப் பாருங்கள், விடை அங்கே இருக்கிறது.

ஜி7-இன் பி, எஃப் ஜோடி டி ஃபிளாட் 7-க்கும் சொந்தம் (பி-யை அங்கே சி ஃபிளாட் என்று எழுதுவார்கள், அவ்வளவுதான்). ஆக, கீபோர்டில் அந்த ஜோடி ஒலித்தால் கீழே எந்த ரூட் வைப்பது என்பது பேஸிஸ்டின் விருப்பம். டி, டி ஃபிளாட், சி என்று ஏ கம்பியில் 5, 4, 3 இறங்கலாம்.

ஆனால் காஸ்பெலில் ஐந்தாவது கார்டு வரும் இடத்தில் பெரும்பாலும் வெறும் ஜி7 வருவதில்லை. ஜி-யின் மேல் எஃப் மேஜர் கார்டை வைப்பார்கள்: எஃப், ஏ, சி. இதில் பி இல்லை, ஆகவே அந்த ட்ரைடோனும் இல்லை. அதன் கீழே டி ஃபிளாட் போட்டால் சி-யோடு நேருக்கு நேர் மோதும். உங்களுக்குக் கேட்ட நாராசம் அநேகமாக இதுதான்.

அடுத்தது மெட்டு. பாடுபவர் அந்த இடத்தில் ஜி, பி, எஃப் இவற்றில் நின்றால் தொல்லையில்லை. சி-யில் நின்றால் தொடாதீர்கள். டி-யில் நீட்டி நின்றாலும் டி ஃபிளாட் அடியில் உரசும். கடந்து போகும் டி என்றால் பரவாயில்லை.

பயமில்லாத வழி ஒன்று உண்டு. முதல் மூன்று தட்டுக்கு ஜி-யிலேயே இருங்கள், நான்காவதில் மட்டும் டி ஃபிளாட், பிறகு சி. மெதுவான 12/8 பாடல் என்றால் கடைசி மூன்று எட்டாம் சுரங்களில் டி ஃபிளாட். அதற்குள் பெரும்பாலும் கீபோர்டும் தொங்கிக்கொண்டிருந்த சி-யை விட்டு பி-க்கு இறங்கியிருக்கும். விரலுக்கும் சுலபம்: இ கம்பி 3, ஏ கம்பி 4, ஏ கம்பி 3. முதல் பதிலில் சொன்ன அதே ‘அடுத்த கம்பி, ஒரு ஃப்ரெட் மேலே’.

கேள்வி: எங்கள் சபைப் பெரியவர் இதைச் ‘சாத்தானின் இடைவெளி’ என்கிறார். ஆலயத்தில் வாசிக்கலாமா?

பதில்: ‘இசைக்குள் பிசாசு’ என்ற லத்தீன் சொற்றொடர் 18-ஆம் நூற்றாண்டு இசையிலக்கண நூல்களில் இருக்கிறது. இடைக்காலத் திருச்சபை இதற்குத் தடை போட்டதாகச் சொல்லப்படும் கதைக்கு ஆவணம் இல்லை. குரலில் சுருதி பிடிக்கச் சிரமமான தாவல் என்பதால் பாட்டமைப்பில் தவிர்க்கச் சொன்னார்கள். நான்கு குரலில் பாடும் ஞானப்பாட்டு எதுவும் ஜி7-இலிருந்து சி-க்கு வந்து முடிந்தால் அதில் ட்ரைடோன் இருக்கிறது. பெரியவர் அதை இத்தனை காலமும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்.

கேள்வி: எஃப், எஃப் ஷார்ப், ஜி என்று பேஸ் ஏறும் இடமும் ட்ரைடோனா?

பதில்: ஆமாம். எஃப் ஷார்ப்பில் வரும் டிமினிஷ்டு செவன்த் கார்டில் எஃப் ஷார்ப், ஏ, சி, இ ஃபிளாட். எஃப் ஷார்ப்–சி ஒரு ட்ரைடோன், ஏ–இ ஃபிளாட் இன்னொன்று. ஒரே கார்டில் இரண்டு இருப்பதால்தான் அவ்வளவு இழுப்பு. இந்த ஏற்றத்தைக் காஸ்பெலில் முதலில் வாசித்தவை, பேஸ் பெடல்களை மிதித்த ஆர்கனிஸ்டின் கால்கள் என்றே சொல்லலாம். 1935-இல் வந்த ஹேமண்ட் ஆர்கனைக் குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகள் வாங்கின. ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் விற்பனைக்கு வந்தது 1951-இல்தான்.

தவறு இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, நீங்கள் எஃப் ஷார்ப்புக்கு ஏறும்போது கீபோர்டு எஃப் மேஜரிலேயே இருந்துவிடுவது. முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு, ஜி-க்கு வந்ததும் மேலே சி கார்டு ஒலிக்கிறதே என்று பதறி சி-க்குத் தாவுவது. தாவக்கூடாது. சி கார்டின் கீழே ஜி-யைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். பிறகு ஏ7, டி7, ஜி7, சி. மேலே கொடுத்த பட்டியலின் கடைசி நான்கு வரிகள் இங்கே அப்படியே பொருந்தும்.

கேள்வி: வீட்டில் தெளிவாகக் கேட்கும் ட்ரைடோன், ஆலய ஸ்பீக்கரில் குழம்பிப்போகிறது.

பதில்: ஜோடியின் கீழ் நோட் டி கம்பி 3-க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். இ, ஏ கம்பிகளிலேயே ஜோடியை வாசிப்பவர்களும் உண்டு. ஜி 49 ஹெர்ட்ஸ், சி ஷார்ப் 69 ஹெர்ட்ஸ். சேர்ந்து அடித்தால் உறுமல்தான் வரும், கார்ட் வராது.

ட்ரைடோன் ஆக்டேவைச் சரிபாதியாக வெட்டுகிறது. அதனால் ஆறு ஃப்ரெட் மேலே போனால் அதே இரண்டு நோட்டும் இடம் மாறி அமர்ந்திருக்கும். சி7-ஐ ஏ 3, டி 2, ஜி 3-இல் வாசித்துக் குழம்பினால் இ 8, டி 8, ஜி 9-க்குப் போங்கள். இ, பி ஃபிளாட் அதே ஜோடி, தலைகீழாக. ஆம்ப்பில் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறையுங்கள். மூன்று நோட்டையும் முழுத் தட்டுக்கு ஒலிக்க விடாமல், டிரம்ஸில் ஸ்நேர் அடி விழும்போது கையால் அடக்குங்கள்.

ரூட்டை விட்டுவிட்டு ஜோடியை மட்டும் உயரத்தில் வாசிப்பதாக இருந்தால், கீழே கீபோர்டின் இடது கையோ ஆர்கன் பெடலோ ரூட்டைப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டுக்கு அடித்தளமே காணாமல் போய்விடும். ஐந்து கம்பி பேஸில் டி, டி ஃபிளாட், சி இறக்கத்தை பி கம்பியில் 3, 2, 1 என்று வாசிக்க ஆசை வரும். அது 37-இலிருந்து 33 ஹெர்ட்ஸ் வரை. சப்வூஃபர் இல்லாத அரங்கில் முன்வரிசைக்குக்கூடக் கேட்காது, ஏ கம்பியே மேல்.

இன்னொன்று: கிட்டாரின் இன்டொனேஷன் (ஃப்ரெட்டுகளில் அழுத்தும் நோட்டுகளின் சுருதிச் சுத்தம்) தப்பாக இருந்தால் ட்ரைடோனில் அது தெரியாது, அந்த ஜோடி எப்படியும் கரகரப்பானது. அது தீர்ந்து இ–சி-யில் உட்காரும்போதுதான் அபசுரம் வெளியே வரும். ‘ட்ரைடோன் சரியாக வருகிறது, சி கார்டுதான் கெடுகிறது’ என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார், காரணம் இதுவாக இருக்கலாம். 12-ஆம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் அழுத்திய நோட்டையும் ட்யூனரில் ஒப்பிட்டு, டி, ஜி கம்பிகளின் சேடில்களை (பிரிட்ஜில் கம்பி அமரும் சிறு துண்டுகள்) திருத்துங்கள். அழுத்திய நோட் கூடுதலாகக் காட்டினால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.