போர் வரலாறும் அறிவியல் புனைவும் காதால் கேட்டால் மண்டையில் ஏறுமா?

கேள்வி இதுதான்: "ராணுவ வரலாறு, அறிவியல் புனைவு இரண்டையும் ஒலிப்புத்தகமாகக் கேட்கலாமா, புத்தகமாகப் படித்தால்தான் பலனா?"

கேட்டவர் சென்னையிலோ பெங்களூரிலோ தினமும் பேருந்தில் நசுங்கி வேலைக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். என் கதை வேறு. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து இருட்டும்வரை கையில் கிரீஸ். அந்தக் கையால் ஒரு பக்கத்தைத் திருப்பினால் அப்புறம் அதை யாரும் படிக்க முடியாது. அதனால் 7 வருடமாகக் கேட்கிறேன்.

ராமநாதபுரத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது ஒரு கடையில் இதைச் சொல்லித் தொலைத்தேன். அங்கே நின்ற ஒருவர், படித்தவர், சிரித்துக்கொண்டே "கேக்குறதெல்லாம் வாசிப்புல சேராது தம்பி" என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். கோயிலில் பாரதம் வாசிக்கும்போது ஊரே உட்கார்ந்து கேட்டதே, அவர்களுக்கெல்லாம் பாரதம் தெரியாது என்று யாராவது சொன்னார்களா? எங்கள் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் வானொலியைவிடத் தெளிவாகக் கேட்ட காலத்தில் பிறந்தவன் நான். நாடகம் முடியும்வரை அம்மா உலையில் அரிசி போடமாட்டார். காது எங்களுக்குப் புதிய வாசல் இல்லை. (புத்தகமே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் மகளுக்குப் புத்தகம்தான் வாங்கித் தருகிறேன்.)

அறிவியல் புனைவுக்குப் பதில் சுலபம்: தாராளமாகக் கேளுங்கள். செவ்வாய்க்காரன் எப்படி இருப்பான் என்று யாருக்கும் தெரியாது, படம் பார்த்துச் சரிபார்க்க வேண்டிய வேலையும் இல்லை. எச்.ஜி. வெல்ஸ் எழுதி 1898இல் நூலாக வந்த செவ்வாய்ப் படையெடுப்புக் கதையை 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் வானொலிச் செய்தி போலவே நடித்தபோது, கேட்டவர்களில் சிலர் நிஜம் என்றே நம்பினார்கள். அச்சில் படித்து யாரும் அப்படி ஏமாந்ததாக நான் கேட்டதில்லை. அந்த நாவலை, காப்புரிமை தீர்ந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகத் தரும் லிப்ரிவாக்ஸில் கேட்டேன். ஜனங்கள் படகுபடகாகத் தப்பி ஓடும்போது 'தண்டர் சைல்ட்' என்ற போர்க்கப்பல் செவ்வாய் இயந்திரங்களை நோக்கி நேராகப் போய் மோதும் இடம் ஒன்று உண்டு. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

இன்னொன்று ஜோ ஹால்டெமனின் 'தி ஃபாரெவர் வார்', 1974இல் வந்தது. அவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். தூரத்து நட்சத்திரங்களில் சண்டை போட்டுவிட்டு ஒரு சிப்பாய் திரும்பி வருவான். அவனுக்குச் சில வருடம், பூமியில் பல நூறு வருடம். நான் துபாயில் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் 8 வருடம் இருந்துவிட்டு வந்தவன். வாசலில் நின்றபோது என் மகள் உள்ளே பார்த்து "யாரோ வந்திருக்காங்கம்மா" என்றாள். இதற்கு மேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு விமர்சனம் கிடையாது.

ராணுவ வரலாறுதான் சிக்கல். வரைபடம் காதில் விழாது. எங்கள் ஊர்ச் சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகு, பாண்டியர் சண்டைக்காக லங்காபுரன் என்ற தளபதியை இங்கே அனுப்பினான். அவன் ராமேஸ்வரத்தைப் பிடித்து, குந்துகாலில் கோட்டை கட்டினான் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. குந்துகால் எனக்கு வண்டியில் கொஞ்ச நேரம். அப்படியிருந்தும் அந்தப் போரை ஒலியில் கேட்டபோது பத்தாவது நிமிடமே தொலைந்துபோனேன். எவன் எந்தப் பக்கம், எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கேட்டேன். தரைப்படைக் கதை என்றால் கையில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

கப்பல் கதை அப்படியில்லை. ஒரு கப்பல், ஒரு கடல், பின்னால் துரத்துகிறவர்கள். காதுக்கு இது போதும். போன தடைக்காலத்தில் (எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, எனக்கு அப்போதுதான் வேலை குவியும்) முதல் உலகப் போரில் வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவேன், மற்றது எஞ்சின் சத்தத்துக்கு. அன்றைக்கு இயர்போன் செத்துவிட்டதால் ஸ்பீக்கரில் போட்டேன். கரையேற்றிய படகுக்கு அடியில் சுரண்டிக்கொண்டிருந்த பையன்களும், படகின் சொந்தக்காரரான சம்மாட்டியும் கேட்க ஆரம்பித்தார்கள். சம்மாட்டிக்கு எழுபதுக்கு மேல். வாழ்நாள் முழுக்க "அவன் பெரிய எம்டன்" என்று ஊரில் பாதிப் பேரைத் திட்டியவர். எம்டன் என்பது ஒரு கப்பல் என்று அன்றுதான் அவருக்குத் தெரியும்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியதும், உயர் நீதிமன்றப் பக்கம் குண்டு விழுந்ததும், பட்டணத்து ஜனங்கள் ஊரைக் காலி செய்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் கூட்டம் அதில் அசரவில்லை. மூன்று புகைபோக்கிக் கப்பலில் பொய்யாக நாலாவது ஒன்றை நிறுத்தி பிரிட்டிஷ் கப்பல் வேஷம் போட்டதற்குப் பையன்கள் விசில் அடித்தார்கள். சம்மாட்டி ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "கரிக்கு என்ன பண்றான்?" டீசல் போட்டுப் படகு அனுப்புகிறவர் கேட்கிற கேள்வி அது. பிடித்த கப்பல்களிலிருந்தே நிலக்கரி எடுத்தான் கேப்டன் முல்லர். பிரிட்டிஷ் கடற்படைக்குப் போய்க்கொண்டிருந்த நல்ல வேல்ஸ் நிலக்கரி ஒரு கப்பல் நிறைய மாட்டியபோது சம்மாட்டி தொடையில் தட்டிக்கொண்டார்.

அக்டோபரில் எம்டன், இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷார் வசமிருந்த டியேகோ கார்சியா தீவுக்குப் போகிறது. போர் தொடங்கியதே அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. கப்பலைச் சாய்த்து அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டுகிறார்கள். பையன்கள் கையிலிருந்த சுரண்டியைப் பார்த்துக்கொண்டார்கள். தீவில் தோட்டம் பார்த்த ஆளின் மோட்டார் படகு ஓடாமல் கிடக்கிறது. எம்டன் ஆட்கள் அதைச் சரிசெய்து கொடுக்கிறார்கள்! உலகப் போரில் எதிரிக் கப்பலின் மெக்கானிக் வந்து எஞ்சின் பார்த்துக் கொடுத்திருக்கிறான். அந்த ஆளும் சும்மா விடவில்லை, மீனும் ஒரு பன்றியும் கொடுத்தனுப்பினான். கூலி கைமேல். எங்கள் ஊரில் "முதல் பாட்டுல தந்துர்றேன்" என்பார்கள் (பாடு என்றால் பிடித்து வரும் மீன்). முதல் பாடு வரும், இறால் விலை இல்லை என்பார்கள். இரண்டாம் பாடு வரும், காற்று என்பார்கள். உதிரி பாகக் கடைக்காரனிடம் நான் காற்று என்று சொல்ல முடியுமா? 2 வருடப் பாக்கியெல்லாம் நோட்டில் இருக்கிறது. சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை.

ஒலிப்புத்தகத்துக்குக் குரல் கொடுத்து வாசிப்பவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழில் போர்க்கதை வாசிப்பவர்களில் பாதிப் பேர் பின்னணியில் உருமி மேளம் போடாமல் விடுவதில்லை. இப்போது இயந்திரக் குரல் வேறு வந்துவிட்டது. எம்டனின் 10.5 செ.மீ. பீரங்கியை அது "பத்து ஐந்து செமீ" என்று வாசித்தது. செமீ யாரோ ஒரு ஜெர்மன்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். இன்னொரு பதிவில் செண்பகராமன் பிள்ளை எம்டனில் நின்று சென்னையைச் சுட்டதாக நேரில் பார்த்தது போல வர்ணனை. அவர் அந்த ஆண்டு சூரிச்சிலும் பெர்லினிலும் இருந்து இந்திய விடுதலைக்கு வேலை செய்தவர். அதுவே பெருமைதானே, கப்பலிலும் ஏற்ற வேண்டுமா? சண்டைக்கு வராதீர்கள், எனக்கும் அவர் மேல் மரியாதை உண்டு.

தமிழை 1.25 வேகத்தில் கேட்பேன், ஆங்கிலத்தை 0.8இல். யார்டு ஆங்கிலம் அவ்வளவுதான் தாங்கும். இதில் வெட்கம் இல்லை.

நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து எம்டனை அடித்து நொறுக்கியது. முல்லர் கப்பலைப் பாறையில் ஏற்றி நிறுத்தினான். பையன்கள் சத்தம் காட்டவில்லை. நான் நிறுத்தப் போனேன். சம்மாட்டி கேட்டார்:

"ஏ தம்பி, அந்தத் தீவுக்காரன் மோட்டார் படகு அப்புறம் ஓடுச்சா?"

"ஓடியிருக்கும் ஐயா. கப்பல் மெக்கானிக் பாத்த எஞ்சினாச்சே."

"அப்ப நீ பாத்த என் எஞ்சினு?"

"மொதல்ல போன வருஷப் பாக்கியக் குடுங்க, சொல்றேன்" என்றேன்.